கல்லூரி, பல்கலைக்கழகங்களில் யோகா ஆசிரியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோகாவில் டிப்ளமோ முடித்தவர்கள், எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருப்பவர்கள், பல வருடம் மொட்டை மாடியில் வகுப்பு நடத்திவிட்டு இனிக் கல்லூரிப் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்கள் ஆகியோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் மட்டும் நாடு முழுவதற்கும் பொதுவானவை.

கல்லூரியில் யோகா ஆசிரியர் என்றால் சரியாக என்ன வேலை?

விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் "யோகா ஆசிரியர்" என்றுதான் போடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று வேறு வேலைகள் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் இது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, யோகாவுக்கென்று துறை இருக்கும் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். பாடம் நடத்துவது, வினாத்தாள் எடுப்பது, எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவது எல்லாம் இதில் வரும். யுஜிசி தகுதி, யுஜிசி சம்பளம். இடங்கள் குறைவு.

இரண்டாவது, யோகா பயிற்றுநர். உடற்கல்வித் துறையிலோ மாணவர் நலப் பிரிவிலோ விடுதியிலோ காலை, மாலை வகுப்பு எடுப்பவர். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பதினொரு மாத ஆணை கொடுத்து, இடையில் சில நாள் நிறுத்தி, மறுபடி ஆணை கொடுப்பார்கள்.

மூன்றாவது, மணிக்கணக்கில் வருகை ஆசிரியர். முப்பது மணி நேர மதிப்புக்கூட்டுப் படிப்பு (பட்டப் பாடத்தோடு கூடுதலாகத் தரும் குறுகிய படிப்பு), பி.எட். கல்லூரியில் யோகா தாள், முதலாமாண்டு மாணவர்களுக்கான அறிமுக வகுப்புகள் என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய் வரும் வேலை. எண்ணிக்கையில் இதுதான் அதிகம். கல்லூரி வாழ்க்கையை இங்கே தொடங்கியவர்கள் நிறைய பேர்.

என்னிடம் 200 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. அது போதுமா?

உதவிப் பேராசிரியர் பணிக்குப் போதாது. சர்வதேசப் பெயர் போட்ட சான்றிதழாக இருந்தாலும் அது பட்டம் ஆகாது. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியம் தரும் சான்றிதழ்களுக்கும் இதே நிலைதான். அந்த வாரியத்தில் நெறிமுறைப் பயிற்றுநர், நலப் பயிற்றுநர், ஆசிரியர் மற்றும் மதிப்பீட்டாளர், யோகா மாஸ்டர் என்று படிகள் உண்டு. யோகா சிகிச்சைக்குத் தனிப் படிகள். பயிற்றுநர் வேலைக்கான விளம்பரங்களில் இவற்றைக் கேட்கிறார்கள், அங்கே உண்மையிலேயே கைகொடுக்கும். குறிப்பாக மத்திய அரசு நிறுவனங்களில், பட்டத்தோடு வாரியச் சான்றிதழும் இருப்பவரின் விண்ணப்பம் மேலே நிற்கும்.

ஆகவே கையிலிருக்கும் சான்றிதழை வைத்து மூன்றாவது வகை வேலையைத் தேடுங்கள். கூடவே முதுநிலைப் பட்டத்துக்குப் பதிவு செய்துவிடுங்கள். "முதலில் வேலை, அப்புறம் படிப்பு" என்று தள்ளிப்போட்டவர்கள் பத்து வருடம் கழித்தும் அதே மணிக்கணக்கு ஊதியத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமான விஷயம் அது.

உதவிப் பேராசிரியர் ஆக என்ன தகுதி வேண்டும்?

யோகாவிலோ அதனோடு தொடர்புடைய பாடத்திலோ முதுநிலைப் பட்டம், அதில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண், அத்துடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 சதவீதம் போதும். யுஜிசி விதிகளின்படி முறையாக வாங்கிய பிஎச்.டி. இருந்தால் நெட்டிலிருந்து விலக்கு உண்டு.

இதில் பழைய தகவல் ஒன்று இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "எந்தப் பாடத்தில் முதுநிலை முடித்திருந்தாலும் யோகாவில் பிஎச்.டி. வாங்கினால் போதும்" என்பார்கள். 2018 யுஜிசி விதிமுறையில் அப்படி ஒரு மாற்று வழி இருந்தது உண்மைதான். யோகாவுக்கு ஆசிரியர் கிடைப்பது கடினம் என்பதால் தந்த சலுகை அது; அறிவித்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு மட்டும் என்று அந்த விதியிலேயே எழுதியிருந்தார்கள். அதை நம்பி இன்று எம்.ஏ. ஆங்கிலத்தோடு யோகா பிஎச்.டி.யில் சேராதீர்கள். யோகா முதுநிலையை முடித்துவிட்டுப் போனால் எந்தச் சிக்கலும் இல்லை.

இன்னொன்று: பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. கட்டாயம் என்றிருந்ததை 2023-இல் யுஜிசி நீக்கிவிட்டது. நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி. ஆனால் நேர்காணலுக்குப் பட்டியல் போடும்போது பிஎச்.டி.க்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் புள்ளிகள் உண்டு. போட்டி கடுமையாக இருக்கும் இடத்தில் நெட் மட்டும் வைத்திருப்பவர் பின்னுக்குப் போய்விடுவார்.

நான் பி.காம். முடித்தவள். எம்.எஸ்சி. யோகா சேர முடியுமா?

பல இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். சில நிறுவனங்கள் அறிவியல் பட்டம் கேட்கும். யோகா சிகிச்சை என்ற பெயரில் வரும் படிப்புகளில் அந்த நிபந்தனை சற்று அதிகம். சேர்க்கை விளக்கக் குறிப்பைப் படித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு வருட முதுநிலைப் பட்டயம் முதுநிலைப் பட்டம் ஆகாது. பெயரில் முதுநிலை என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து, பட்டயத்தை வைத்து நெட்டுக்கு விண்ணப்பிக்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் எழுத எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. பட்டம் வேண்டும்.

பி.காம். படித்தவர்களுக்குச் சிரமம் வருவது உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும்தான். முதல் செமஸ்டருக்கு முந்தைய விடுமுறையிலேயே பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தை எடுத்து எலும்பு, தசை, சுவாசம், நரம்பு ஆகிய பாடங்களைப் படித்துவிடுங்கள். தமிழ் வழிப் புத்தகமும் இருக்கிறது, அரசு தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

எங்கே படிப்பது நல்லது?

சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகாவுக்குத் தனித் துறை உண்டு. அண்ணாமலை, அழகப்பா பல்கலைக்கழகங்களும் யோகா படிப்புகளுக்குத் தெரிந்த பெயர்கள். யோகா சிகிச்சையில் ஆர்வம் இருந்தால் புதுச்சேரி பக்கம் பாருங்கள். ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தே யோகா சிகிச்சை மையம் இயங்குகிறது. நோயாளியை நேரில் பார்த்துப் பழகும் வாய்ப்பு அங்கே கிடைக்கும், வெறும் வகுப்பறையில் அது வராது.

கொஞ்சம் வெளியே போகத் தயார் என்றால் காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம், பெங்களூருவில் எஸ்-வியாசா, டெல்லியில் மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனம், ஹரித்வாரில் தேவ் சன்ஸ்கிருதி விஸ்வவித்யாலயா. எஸ்-வியாசா 2002 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் பழக்கம் அங்கே படிப்போடு சேர்ந்தே வந்துவிடும். லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தா 1924-இல் தொடங்கிய கைவல்யதாமாவும் இந்த வரிசையில் வர வேண்டியது. யோகாவை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்து பார்க்கும் வேலை இந்தியாவில் அங்கேதான் வேர் பிடித்தது.

எங்கே படித்தாலும் ஆசிரியர்கள் யார், அவர்கள் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். கட்டடத்தைப் பார்த்துச் சேர வேண்டாம்.

தொலைநிலையில் படித்த யோகா பட்டம் செல்லுமா?

நீங்கள் சேரும் கல்வியாண்டில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்பைத் தொலைநிலையில் நடத்த யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அனுமதி இருந்தால் செல்லும். பல்கலைக்கழகம் பெரிய பெயர் என்பதாலோ, போன வருடம் அனுமதி இருந்தது என்பதாலோ இந்த வருடமும் இருக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. யுஜிசி தளத்தில் பட்டியல் இருக்கிறது. பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் அதைக் காட்ட வேண்டி வரலாம்.

என் கருத்தைக் கேட்டால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களைத் தவிர மற்றவர்கள் நேரடி வகுப்பில் படிப்பதே மேல். கற்பிக்கும் பயிற்சி இல்லாமல் யோகா முதுநிலை முடித்தவர் நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னதும் தடுமாறிவிடுகிறார்.

நெட் தேர்வில் யோகா எப்படி இருக்கும்? தமிழில் எழுதலாமா?

2017 ஜனவரித் தேர்விலிருந்து யோகா தனிப் பாடமாக இருக்கிறது. பாட எண் 100. இரண்டு தாள்கள். முதல் தாள் எல்லோருக்கும் பொது, கற்பித்தல் திறன், ஆய்வு மனப்பாங்கு, தருக்கம், தரவு விளக்கம் போன்றவற்றிலிருந்து 50 கேள்விகள். இரண்டாம் தாள் யோகா, 100 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மதிப்பெண், ஆக 300. மூன்று மணி நேரம், இடைவேளை இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் விடாமல் எழுதிவிடுங்கள்.

தமிழில் எழுத முடியாது. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். நம் ஊர் மாணவர்களுக்கு இதுதான் பெரிய தடை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சமஸ்கிருதக் கலைச்சொற்கள்தான் தடை. ஹடப் பிரதீபிகை என்ற நூலில் எத்தனை கும்பகம் (மூச்சை அடக்கும் பயிற்சி), கேரண்ட சம்ஹிதை என்ற நூலில் எத்தனை ஆசனம், யோக சூத்திரத்தில் எந்தப் பாதத்தில் கிரியா யோகம் வருகிறது என்று கேட்பார்கள். ஹடப் பிரதீபிகையில் ஆசனம் 15, கும்பகம் 8, முத்திரை 10. கேரண்ட சம்ஹிதையில் ஆசனம் 32, முத்திரை 25. கிரியா யோகம் சாதன பாதத்தின் முதல் சூத்திரம். இப்படி நூல்வாரியாக ஓர் அட்டவணை போட்டு அறையின் சுவரில் ஒட்டி வைத்துப் படித்தவர்கள் தேறியிருக்கிறார்கள்.

பாடத்திட்டம் பத்து அலகுகள். யோகத்தின் அடிப்படைகளும் தரிசனங்களும், உபநிடதங்களும் கீதையும் யோக வாசிஷ்டமும், பதஞ்சலி, ஹட யோக நூல்கள், உடற்கூறியல்-உளவியல்-உணவியல், யோகாவும் ஆரோக்கியமும், சிகிச்சை யோகா, பயன்பாட்டு யோகா, செய்முறை, கற்பிக்கும் முறை. எம்.எஸ்சி.யில் சேர்ந்த அன்றே இந்தப் பத்தையும் அச்செடுத்து வைத்து, ஒவ்வொரு செமஸ்டர் பாடமும் எந்த அலகில் போய் உட்காருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். படிப்பு முடிந்த பின் புதிதாகத் தொடங்கினால் ஒரு வருடம் வீணாகும். முதுநிலை இறுதியாண்டில் இருப்பவர்களும் தேர்வு எழுதலாம்.

அப்புறம் முதல் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். ஆசனத்தில் கெட்டிக்காரர்கள் பலர் சதவீதக் கணக்கிலும் தருக்கத்திலும் விட்டுவிடுகிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரோடு உட்காருங்கள்.

நெட்டில் தேறினேன் என்று ஒருவர் சொன்னால் உதவிப் பேராசிரியர் தகுதி வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

2024 ஜூன் தேர்விலிருந்து அப்படிச் சொல்லிவிட முடியாது. முடிவுகளை இப்போது மூன்று பிரிவாகத் தருகிறார்கள்: ஆய்வு உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மூன்றாவது பிரிவில் வந்தவருக்கு உதவிப் பேராசிரியர் தகுதி கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பில்லை, ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுக்கச் செல்லும். உதவித்தொகைக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. பொதுப் பிரிவுக்கு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு இருக்கிறது. உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

யோகா துறையே இல்லாத கல்லூரியில் எனக்கு என்ன இடம்?

நிறைய இருக்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன்.

நம் அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலோ பெரும்பாலான தனியார் கல்லூரிகளிலோ யோகா துறை கிடையாது. ஆனால் யோகா தேவைப்படும் காரணங்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டில் ஐந்தாவது அளவுகோலில், மாணவர்களுக்கான திறன் மேம்பாட்டு நடவடிக்கைகள் என்ற இடத்தில் மென்திறன், மொழித்திறனோடு வாழ்க்கைத் திறனும் வருகிறது. அதற்கு அடைப்புக்குறியில் யோகா, உடல்தகுதி, ஆரோக்கியம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். வருகைப் பதிவு, பாடத்திட்டம், புகைப்படம், மாணவர் கருத்து எல்லாம் ஆவணமாக வேண்டும். தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் இவற்றைச் செய்து தரும் ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். கல்லூரி முதல்வருக்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள்.

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எட். கல்லூரிகளில் யோகா, ஆரோக்கியம், உடற்கல்வி சேர்ந்த பாடம் இருக்கிறது. பி.பி.எட்., எம்.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டங்களைத் தரும் கல்லூரிகளில் யோகா பாடமாகவும் செய்முறையாகவும் உண்டு. பொறியியலில், ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) வெளியிட்ட எம்.டெக். மாதிரிப் பாடத்திட்டத்தின் தணிக்கைப் படிப்புகளில் (கிரெடிட் சேராத பாடங்களில்) யோகாவால் மன அழுத்த மேலாண்மை ஒன்று. மருத்துவக் கல்லூரிகளுக்கு, ஜூன் 21 யோகா நாளை ஒட்டிப் பத்து நாள் யோகா பயிற்சி நடத்தும்படி தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொன்னது. இவற்றில் எதற்கும் தனித் துறை வேண்டாம், ஓர் ஆள் போதும்.

அந்த ஆளாகப் போக ஒரு வழி சொல்கிறேன். ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். முப்பது மணி நேரப் படிப்பு, ஐந்து அலகு, ஒவ்வோர் அலகிலும் என்ன பாடம், என்ன செய்முறை, மதிப்பீடு எப்படி, எவ்வளவு இடம் தேவை என்று எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். "யோகா வகுப்பு எடுக்கிறேன், வாய்ப்பு கொடுங்கள்" என்று போனால் ஜூன் 21-க்கு ஒரு மணி நேரம் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். தாளோடு போனால் அது கல்விக்குழுக் கூட்டத்தின் கோப்பில் ஏறும். போக ஏற்ற காலம் மார்ச், ஏப்ரல், அடுத்த வருடத் திட்டம் போடும் நேரம். ஜூலையில் போனால் கால அட்டவணை முடிந்திருக்கும்.

சம்பளம் எவ்வளவு?

யுஜிசி ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியர் என்றால் பத்தாவது நிலை, தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய்; அகவிலைப்படி முதலியவை தனி. வருகை ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019-இல் வழிகாட்டுதல் தந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இது ஓரளவு நடைமுறையில் இருக்கிறது.

தனியார் கல்லூரிகளில் கதை வேறு. அங்கே உங்கள் பேச்சுதான் ஊதியத்தைத் தீர்மானிக்கும். சேவை மனப்பான்மை என்று சொல்லிக் குறைத்துக் கேட்பது யோகா ஆசிரியர்களிடம் மட்டும்தான் நடக்கிறது. அதே கல்லூரி ஆளுமைப் பயிற்சிக்கு வருபவரிடம் அப்படிப் பேசுவதில்லை. இலவசமாக எடுக்க விரும்பினால் வசதியற்ற ஊர்ப் பள்ளியில் எடுங்கள், நல்ல காரியம். மாணவரிடம் கட்டணம் வாங்கும் நிறுவனத்தில் உங்கள் நேரத்துக்கு விலை கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம். போக்குவரத்து நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு பீரியடுக்காக மூன்று மணி நேரம் பேருந்தில் போய் வருவது நீண்ட நாள் ஓடாது. ஒரே நாளில் தொடர்ச்சியாக மூன்று பீரியட் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்த ஆணையில் என்ன பார்க்க வேண்டும்?

பதவியின் பெயர் முதலில். பயிற்றுநர் என்று எழுதியிருந்தால் பின்னாளில் கற்பித்தல் அனுபவமாகக் கணக்கெடுக்க மறுக்கலாம். விரிவுரையாளர் என்றோ வருகை ஆசிரியர் என்றோ போட முடியுமா என்று கேளுங்கள். விடுமுறை மாதத்துக்கு ஊதியம் உண்டா, தேர்வுப் பணிக்குத் தனித் தொகையா, இன்டர்னல் மார்க் போடும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வருடா வருடம் அனுபவச் சான்று வாங்கிவிடுங்கள். கல்லூரியை விட்டு வந்த பின் கேட்டால் அலைய விடுவார்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பது வீட்டு வகுப்பிலிருந்து எப்படி மாறும்?

எல்லா வகையிலும் மாறும். உங்களுக்குக் கிடைக்கப்போகும் முதல் வகுப்பு அநேகமாக இப்படித்தான் இருக்கும். மதியம் இரண்டு மணி, சாப்பாடு முடிந்த முதல் பீரியட். அறுபது முதலாமாண்டு மாணவர்கள், பையன்கள் இறுக்கமான ஜீன்ஸில், பெண்கள் துப்பட்டாவைப் பின் குத்திய சுடிதாரில். மேட் கிடையாது, கருத்தரங்கக் கூடத்தில் திருகு போட்டுத் தரையோடு இறுக்கிய நாற்காலிகள். மைக் ஒன்று உண்டு, அதுவும் கரகரக்கும். பாதிப் பேர் வருகைப் பதிவுக்காக வந்தவர்கள்.

சாப்பிட்ட வயிற்றோடு ஆசனம் கூடாது, எனவே அந்த ஐம்பது நிமிடத்தை நாற்காலியிலேயே நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். கழுத்து, தோள், மணிக்கட்டு அசைவுகள் பத்து நிமிடம். செல்போன் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கழுத்து பிடித்திருக்கும், அதனால் இது உடனே பிடிக்கும். பிறகு வாயை மூடி மூச்சை மெதுவாக வெளிவிடச் சொல்லுங்கள்; உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் நேரம் நீளமாக இருக்கட்டும். கடைசியில் பிராமரி. அறுபது பேர் சேர்ந்து ரீங்காரம் செய்யும்போது முதல் முறை சிரிப்பு வரும், இரண்டாம் முறை பாதியாகும், மூன்றாம் முறை கூடம் ஒரே குரலாகிவிடும். சிரிப்பை அதட்டி அடக்க வேண்டாம், தானே அடங்கும். நடுவில் ஐந்து நிமிடம் கேள்விக்கு விடுங்கள். தூக்கம் வரவில்லை, தேர்வு அறையில் கை நடுங்குகிறது என்று அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

விடுதியில் காலை வகுப்பு என்றால் முழு ஆசன வரிசை எடுக்கலாம். சேரும்போதே ஒரு படிவத்தில் அறுவை சிகிச்சை, வலிப்பு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா விவரம் வாங்கிவிடுங்கள். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைக் கூட்டத்தோடு கூட்டமாக எல்லோரையும் செய்யச் சொல்லாதீர்கள். மாதவிடாய் நாளில் ஓரமாக உட்காரும் பெண்ணிடம் காரணம் கேட்காதீர்கள். வகுப்பின் தொடக்கத்திலேயே "இன்று ஓய்வு வேண்டுபவர்கள் சவாசனத்தில் இருக்கலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும். மாணவரின் உடலைத் தொட்டுத் திருத்துவதை விட்டுவிட்டு, சொல்லாலும் செய்துகாட்டியும் திருத்தப் பழகுங்கள். மன அழுத்தம் மிகுந்து, உயிரை விடும் எண்ணத்தைப் பற்றி ஒரு மாணவர் பேசினால், அவரைத் தனியே விடாமல் அப்போதே கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூடவே அழைத்துப் போங்கள். தியானம் சொல்லிக்கொடுத்து அனுப்பும் இடம் அதுவல்ல.

இது மதம் சார்ந்த பயிற்சியா என்று மாணவரோ பெற்றோரோ கேட்டால்?

நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். யோக நூல்கள் இந்தியச் சமய மரபுகளுக்குள் பிறந்தவை, அதை மறைக்கத் தேவையில்லை. வகுப்பில் நீங்கள் கற்றுத்தருவது உடல், மூச்சு, கவனம். மந்திரம் சொல்ல விருப்பமில்லாதவர் அமைதியாக மூச்சைக் கவனிக்கட்டும். யாரையும் கட்டாயப்படுத்தாத வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். மரபைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தையும் சொல்லுங்கள். அட்டாங்க யோகம் தமிழிலேயே விரிவாக இருக்கிறது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா இளநிலைப் பட்டம்) முடித்தவர்கள் இதே வேலைக்குப் போட்டியிடுகிறார்களா?

அவர்கள் பாதை வேறு. ஐந்தரை வருடம் படித்த இயற்கை மருத்துவர்கள் அவர்கள். சென்னை அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஆசிரியர் பணி அவர்களுக்குரியது. யோகா துறை உதவிப் பேராசிரியர் பணிக்கு வர வேண்டுமானால் அவர்களுக்கும் முதுநிலையும் நெட்டும் வேண்டும்.

யோகா முதுநிலையோடு உடற்கல்வி இயக்குநர் ஆகலாமா?

முடியாது. அதற்கு எம்.பி.எட். அல்லது அதற்கு இணையான உடற்கல்வி முதுநிலையும், உடற்கல்வியில் நெட்டும் வேண்டும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டால் நல்ல வழி இருக்கிறது. ஏற்கெனவே எம்.பி.எட். முடித்தவர் யோகாவிலும் முதுநிலை வாங்கினால் இரண்டு கதவும் திறக்கும். தனியார் கல்லூரிகள் இப்படிப்பட்டவரை விரும்பி எடுக்கின்றன.

ஆராய்ச்சிப் பக்கம் வேலை உண்டா?

உண்டு, நம் ஆட்கள் அதிகம் தேடாத இடம் இது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் சத்யம் திட்டம் யோகா, தியான ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. பெங்களூரு நிமான்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவ நிறுவனங்களில் யோகா ஆய்வுகள் நடக்கின்றன. இத்தகைய ஆய்வுத் திட்டங்களில் நோயாளிகளுக்கு வரையறுத்த முறைப்படி பயிற்சி தரவும், பதிவேடு வைக்கவும் ஆள் எடுப்பார்கள். திட்டம் முடியும்வரைதான் வேலை. ஆனால் வெளிவரும் கட்டுரையில் உங்கள் பெயரும் இடம்பெற வாய்ப்புண்டு, பின்னால் பிஎச்.டி.க்கும் நேர்காணலுக்கும் அது பெரிய பலம். அடிப்படைப் புள்ளியியல் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. பெங்களூருவில் யுஜிசி அமைத்த யோக அறிவியலுக்கான பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மையத்தின் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள்.

விளம்பரங்கள் எங்கே வரும்?

மத்தியப் பல்கலைக்கழகப் பணியிடங்கள் சியு-சயன் என்ற யுஜிசி தளத்தில் வருகின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் தளத்தில்தான் தேட வேண்டும். வருகை ஆசிரியர் நேர்காணல் அறிவிப்பு பல நேரம் ஒரு வாரத்துக்கு முன்தான் ஏறும், கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பட்டங்களைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். கடினமான ஆசனம் செய்து காட்டப் போகாதீர்கள். தாடாசனத்தையோ புஜங்காசனத்தையோ எடுத்துக்கொண்டு, பெயர், நூல் ஆதாரம், செய்முறை, வேலை செய்யும் தசைகள், யார் செய்யக் கூடாது, மாணவர் பொதுவாக விடும் பிழை, அதைத் திருத்தும் விதம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போங்கள். நெட்டில் தேறியவர்களும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். புஜங்காசனம் முதுகெலும்புக்கு நல்லது என்று நிறுத்திவிடுவார்கள். எந்த முதுகுவலிக்கு நல்லது, எதற்கு ஆகாது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத் தயாராகப் போங்கள்.

அசல் சான்றிதழ்களோடு இரண்டு நகல் தொகுப்பு, அனுபவச் சான்றுகள், நடத்திய படிப்பின் பாடத்திட்டம், தொலைநிலையில் படித்திருந்தால் யுஜிசி அனுமதிப் பக்கத்தின் அச்சு ஆகியவற்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பைஜாமா குர்தாவோ எளிய சுடிதாரோ போட்டுப் போங்கள். தரையில் உட்காரச் சொன்னால் தயங்காமல் உட்கார முடிய வேண்டும்.